பெட்டி போய் மேகம் வருமா?

விடுமுறைக்கு ஊருக்குப் புறப்படும் நம்மவர்கள், பிள்ளைகளுக்கு என்ன வாங்கிப் போவது என்று முன்பெல்லாம் அதிகம் யோசித்ததில்லை. ஒரு டப்பா பிஸ்கட், கலர் பென்சில், சட்டைத் துணி. கை கொஞ்சம் தாராளமானால், டி.வி.யோடு இணைத்து விளையாடும் வீடியோ கேம் பெட்டி. இப்போது அக்காள் பிள்ளைகள் தொலைபேசியில் கேட்கிற கேள்வியே வேறு மாதிரி இருக்கிறது: "மாமா, பிளேஸ்டேஷன் வாங்கித் தர்றீங்களா, இல்ல கிளவுட் கேமுக்குச் சந்தா கட்டித் தர்றீங்களா?"

கேள்வி அவர்களுடையது, பணம் நம்முடையது. ஆகவே கொஞ்சம் பொறுமையாகப் பார்த்துவிட்டுப் பதில் சொல்வதில் தவறில்லை. நம் வாசகர்களில் குப்பம், குடுபல்லி, கோலார் தங்கவயல் பக்கம் உறவு உள்ளவர்கள் பலர் என்பதால் குடுபல்லியை மனத்தில் வைத்தே இதைப் பார்ப்போம். பெங்களூரில் அடுக்குமாடியில் இருப்பவருக்குச் சரியாக இருப்பது அங்கே சரியாக இருக்க வேண்டும் என்பதில்லை அல்லவா?

முதலில் விலை. சோனியின் பிளேஸ்டேஷன் 5 இந்தியாவில் 2021 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தபோது, வட்டு போடும் வசதியுள்ள பெட்டி 49,990 ரூபாய். மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் வரிசையில் சிறியது 2020 நவம்பரில் 34,990 ரூபாய்க்கு வந்தது. குடுபல்லிப் பக்கத்தில் இது கறவை மாட்டுக்கு விலை பேசும்போது அடிபடும் தொகை. இதற்குமேல் புதிய விளையாட்டு ஒவ்வொன்றுக்கும் சில ஆயிரம் தனி.

இந்தச் செலவு வேண்டாம் என்கிறது மேகம். மேகம் என்றால் வானத்தில் இருப்பதல்ல; எங்கோ ஒரு நகரத்தில், குளிரூட்டிய கூடத்தில் வரிசை வரிசையாக அடுக்கிய கணிப்பொறிகள். விளையாட்டு அங்கே நடக்கிறது. நம் வீட்டில் இருப்பது வெறும் திரை. பிள்ளை பொத்தானை அழுத்தினால் அந்தச் செய்தி கம்பி வழியே கூடத்துக்குப் போகும். அங்குள்ள கணிப்பொறி அடுத்த காட்சியை வரைந்து, சுருக்கி, சினிமாப் படம் போலத் திருப்பி அனுப்பும். வீட்டிலுள்ள போனோ டி.வி.யோ அதை விரித்துக் காட்டும். விநாடிக்கு அறுபது படம் இப்படி வந்துகொண்டே இருக்க வேண்டும்.

இயந்திரம் ஓரிடம், வேலை ஓரிடம் என்பது நம் பக்கத்துக்குப் புதிய சங்கதியல்ல. குடுபல்லிக்குச் சற்றுத் தூரத்தில்தான் தங்கவயல். அங்கே 1902ஆம் ஆண்டு, காவிரியின் சிவசமுத்திரம் அருவியிலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். அந்தக் காலத்தில் உலகமே திரும்பிப் பார்த்த தூரம் அது. பெங்களூர் நகரத் தெருக்களுக்கு மின்விளக்கு 1905இல்தான் வந்தது. சுரங்கம் அதை முந்திக்கொண்டது! அதுவரை சுரங்க வாயிலிலேயே கொதிகலன் வைத்து ஓட்டிய வேலையை எங்கோ விழும் தண்ணீர் செய்யத் தொடங்கியது. நம்மில் எத்தனை பேரின் பாட்டன்மார் அந்தச் சுரங்கத்தில் இறங்கியவர்கள்! குடுபல்லி மண்டலத்துச் சிகர்குண்டா சுரங்கமும் அதே பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் கையில் இருந்து, 2001இல் தங்கவயலோடு சேர்ந்து மூடப்பட்டதுதான்.

அன்று கொதிகலன் போனது போல இன்று விளையாட்டுப் பெட்டியும் போய்விடும் என்பவர்கள் இந்த மின்சாரக் கதையைத்தான் உவமையாகச் சொல்கிறார்கள். உவமை பாதி சரி. அந்தக் கம்பி கடந்து சென்ற கிராமங்களில் அன்றைக்கே விளக்கு எரியவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால் முழுதும் சரியாகிவிடும்.

குடுபல்லியின் நிலைமையும் அப்படித்தான். ஊரை அறியாத அன்பர்களுக்காக: பெங்களூர்–ஜோலார்பேட்டை ரயில் பாதையில் குப்பத்துக்கும் பிசாநத்தத்துக்கும் நடுவிலுள்ள நிலையம் அது. சித்தூர் மாவட்டத்தின் ஒரு மூலை. ஒரு பக்கம் கர்நாடகம், இன்னொரு பக்கம் தமிழ்நாடு. விரைவு வண்டிகள் பெரும்பாலும் ஊதிக்கொண்டே கடந்துவிடும், பாசஞ்சர்தான் நின்று போகும். ரயில்வேயின் ரெயில்டெல் நிறுவனம் நாடு முழுவதும் தண்டவாளத்தை ஒட்டியே ஒளியிழைக் கேபிள் பதித்து வைத்திருக்கிறது. சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவில் இருக்கும் ஊருக்குத் தகவல் கடந்து போவதில் குறைச்சல் கிடையாது. அது இறங்குகிறதா என்பதுதான் விஷயம்.

தூரம் ஒரு தடையே அல்ல என்று காட்ட ஒரு சின்னக் கணக்கு. ஒளியிழைக்குள் ஒளி ஒரு மில்லி விநாடியில், அதாவது விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில், ஏறக்குறைய 200 கிலோமீட்டர் போகும். குடுபல்லியிலிருந்து சென்னை ரயில் பாதைக் கணக்கில் சுமார் 260 கிலோமீட்டர். போய்வர 3 மில்லி விநாடிகூட ஆகாது. பெங்களூர் சுமார் 100 கிலோமீட்டர்; போய்வர ஒரே மில்லி விநாடி. கூடம் சிங்கப்பூரில் இருந்தால்? சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு 2002இல் போடப்பட்ட ஐ2ஐ கடலடிக் கேபிளின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். அதில் போய்வர 32 மில்லி விநாடி. ஆகவே கூடம் நம் நாட்டிலேயே இருப்பது நல்லது. ஆனால் நாட்டுக்குள் இருந்துவிட்டால் மட்டும் போதாது. தொலைபேசிக் கம்பெனிகளுக்கு ஆந்திரம் தனி வட்டம். பக்கத்திலுள்ள பெங்களூருக்குப் போக வேண்டிய செய்தி முதலில் ஹைதராபாத் வரை போய்த் திரும்ப வாய்ப்புண்டு. எல்லையோரத்தில் வாழ்ந்தவர்களுக்கு இது பழகிய விஷயம்தான்: தமிழ்நாட்டு எல்லை கூப்பிடு தூரத்தில் இருக்கும், கோப்போ சித்தூர் போய் வரும்.

கம்பியில் போகும் நேரம் போகப் படத்தைச் சுருக்க, விரிக்க, வீட்டுக்குள் வை-ஃபையில் தாவ என்று ஒவ்வொன்றும் தன் பங்குக்குச் சில மில்லி விநாடிகளைத் தின்னும். எல்லாம் சேர்ந்து விநாடியில் பத்தில் ஒரு பங்கை எட்டிவிட்டால் என்ன ஆகும்? கிரிக்கெட் விளையாட்டையே எடுத்துக்கொள்வோம். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து, அந்தப் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் கிட்டத்தட்ட 4 மீட்டர் வந்துவிடும். திரையில் பந்து குத்தி எழும்பக் கண்டு பிள்ளை மட்டையைச் சுழற்றுகிறான். கூடத்துக் கணிப்பொறியில் ஸ்டம்ப் ஏற்கனவே சாய்ந்துவிட்டது! அவன் சரியான நேரத்தில்தான் அடித்தான், செய்திதான் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது.

இதிலும் ஒரு நுட்பம் உண்டு. தாமதம் ஒரே அளவாக இருந்தால் கை பழகிக்கொள்ளும். தினமும் பத்து நிமிடம் தாமதமாக வரும் பஸ்ஸுக்கு நாமும் பத்து நிமிடம் தாமதமாகக் கிளம்பலாம். ஒரு நாள் நேரத்துக்கும் மறுநாள் அரை மணி கழித்தும் வரும் பஸ்ஸை என்ன செய்வது? கிராமத்து இணையத்தின் நோய் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. காலையில் ஓடும், ராத்திரி ஊரே படம் பார்க்க உட்காரும்போது திணறும். சதுரங்கம், புதிர், நிதானமாகக் கதை சொல்லும் விளையாட்டு இவற்றுக்கு இது பொருட்டே அல்ல. சண்டை, கார்ப் பந்தயம், கிரிக்கெட் என்றால் பெட்டிக்குப் பக்கத்தில் மேகம் நிற்க முடியாது.

அடுத்து டேட்டா. விநாடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் படம் வந்தால் ஒரு மணி நேரத்துக்கு 4.5 ஜிபி செலவாகும். நாளுக்கு 2 ஜிபி என்ற சாதாரண 4ஜி ரீசார்ஜில் விளையாட உட்கார்ந்தால் 27 நிமிடத்தில் அன்றைய படி தீர்ந்துவிடும். அக்காளுக்கு அன்று மாலை வாட்ஸ்அப் ஓடாது. 2022 அக்டோபரில் 5ஜி வந்த பிறகு, அது கிடைக்கும் இடங்களில் அளவில்லாத டேட்டா தரும் திட்டங்கள் வந்தன. சிக்னல் 5ஜியிலேயே நிலைத்து நிற்கும் வீட்டுக்கு அது வரப்பிரசாதம்தான். குறுக்கே ஒரு குன்று நிற்கும் வீட்டுக்கு அல்ல.

கம்பி வழி இணையத்தில் ஆந்திர அரசு துணிச்சலாக ஒரு காரியம் செய்தது. 2017 டிசம்பரில் தொடங்கப்பட்ட ஃபைபர்நெட் திட்டத்தில், மாதம் 149 ரூபாய்க்கு 15 மெகாபிட் இணையம், டி.வி. சேனல்கள், தொலைபேசி மூன்றும் ஒரே இழையில் வந்தன. மண்ணைத் தோண்டிப் பதித்தால் காலமும் பணமும் ஆகும் என்று, இருக்கிற மின்கம்பங்களிலேயே ஒளியிழையைக் கட்டிக்கொண்டு போனார்கள். மலிவான வழி, கெட்டிக்கார வழி. ஆனால் மழைக்காற்றில் ஒரு கிளை முறிந்து விழுந்தால் மின்சாரமும் இணையமும் கைகோத்துக்கொண்டு போகும்.

மின்சாரம் என்றதும் மேகத்துக்குச் சாதகமான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பிளேஸ்டேஷன் 5 ஓடும்போது சுமார் 200 வாட் இழுக்கும், டி.வி. தனி. கரண்ட் போனால் அதோடு சரி. மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊரில் ஸ்டெபிலைசர் வேண்டும். தூசிக்கும் பல்லிக்கும் அஞ்ச வேண்டும். பழுதானால் சென்னை ரிச்சி தெருவுக்கோ பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்கோ தூக்க வேண்டும். போனில் ஓடும் மேக விளையாட்டுக்கு இந்த உபத்திரவம் இல்லை. டவருக்கு உயிர் இருக்கும்வரை, பேட்டரி தீரும்வரை, இருட்டிலும் விளையாடலாம். (இருட்டில் போர்வைக்குள் விளையாடலாம் என்பதே சில தாய்மாருக்குக் கவலை!)

அந்தக் கவலையைச் சிரித்து ஒதுக்க எனக்கு மனமில்லை. பெட்டி கூடத்தில் டி.வி.க்குக் கீழே இருக்கும். யார், எவ்வளவு நேரம், என்ன விளையாடுகிறார்கள் என்பது வீட்டுக்கே தெரியும். இரண்டு கன்ட்ரோலர் இருந்தால் இரண்டு பேர் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் இடித்துக்கொண்டு விளையாடலாம். கோடை விடுமுறைக்கு வரும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் பாதிதான் வரும். குடுபல்லிப் பிள்ளைகள் பேசும் தமிழில் தெலுங்கு கலந்திருக்கும். முதல் இரண்டு நாள் ஒருவரை ஒருவர் பார்த்துக் கூச்சப்படும் அந்தப் பிள்ளைகளைச் சேர்த்துவைத்ததில் இந்தப் பெட்டிக்கு உள்ள பங்கு சிறியதல்ல.

தொண்ணூறுகளின் பெட்டியை நினைத்துப் பாருங்கள். சாமுராய், மீடியா, லிட்டில் மாஸ்டர் என்று பல பெயர்களில் வந்தன. பர்மா பஜாரிலிருந்து பெயரே இல்லாமலும் வந்தன. மஞ்சள் நிறக் கேசட், "99999 விளையாட்டு" என்று அட்டையில் பெரிய எழுத்து, உள்ளே உண்மையில் இருப்பது ஒரு கைவிரல் எண்ணிக்கை. ஓடாவிட்டால் எடுத்து, வாயால் ஊதி, மறுபடி செருகுவோம். அந்தக் கேசட்டுக்கு ஒரு பெரிய குணம் இருந்தது: சித்தப்பா வீட்டுக்குப் போகும், அங்கிருந்து எதிர்வீட்டுக்குப் போகும், ஒரு மாதம் கழித்து வேறொரு கேசட்டாகத் திரும்பி வரும். ஒரு தெருவுக்கு நாலு கேசட் இருந்தால் நாலு வீட்டுக்கும் நாலும் சொந்தம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, மாதச் சந்தா இல்லை, கம்பெனி மூடினாலும் கேசட் மூடாது.

மேகத்தில் கம்பெனி மூடினால் எல்லாம் மூடும். அமெரிக்காவில் ஆன்லைவ் என்ற நிறுவனம் 2010 ஜூனில் இந்தச் சேவையைத் தொடங்கியபோது, பெட்டிகளின் காலம் முடிந்தது என்று பத்திரிகைகள் எழுதின. 2015 ஏப்ரல் 30இல் முடிந்தது ஆன்லைவ்தான். அதன் காப்புரிமைகளைப் பெட்டி விற்கும் சோனியே வாங்கிக்கொண்டது! பிறகு கூகுள் வந்தது. ஸ்டேடியா என்ற பெயரில் 2019 நவம்பரில் தொடங்கி, 2023 ஜனவரி 18இல் நிறுத்தியது. இந்தியாவுக்கு அது வரவே இல்லை. வாங்கிய விளையாட்டுகளுக்கும் கருவிகளுக்கும் கூகுள் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது, அதுவரை நல்லது. ஆனால் பல மாதம் விளையாடிச் சேர்த்து வைத்திருந்த இடத்தைப் பலருக்கு யாராலும் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. நுட்பத்தில் கூகுளுக்கு என்ன குறை? ஆள் சேரவில்லை, கடையைக் கட்டிவிட்டார்கள்.

குப்பம் பக்கத்தாருக்கு இதில் ஒரு பழைய ஞாபகம் வரலாம். 2002இல் ஹியூலெட் பக்கார்ட் நிறுவனம் ஆந்திர அரசோடு சேர்ந்து குப்பம் தொகுதியில் ஐ-கம்யூனிட்டி என்ற திட்டத்தைத் தொடங்கியது. குடுபல்லி மண்டலமும் அந்தத் தொகுதியில்தான் அடங்கும். தகவல் நிலையங்கள் திறந்தார்கள். கிராமத்துப் பெண்கள் சூரிய ஒளியில் இயங்கும் அச்சுப்பொறியோடு டிஜிட்டல் படம் எடுத்துத் தொழில் செய்தது அப்போது வெளிநாட்டுப் பத்திரிகை வரை பேசப்பட்டது. மூன்றாண்டுக்கு என்று வகுத்த திட்டம்; காலம் ஆனதும் நிறுவனம் விலகிக்கொண்டது. குற்றம் சொல்வதற்கில்லை, சொன்னபடிதான் செய்தார்கள். தூரத்து நிறுவனம் ஒன்றின் சேவைக்கு முடிவு தேதி உண்டு என்பது மட்டும் அங்கே யாருக்கும் பாடம் நடத்த வேண்டிய விஷயமல்ல.

அப்படியானால் பெட்டி வாங்கினால் நிம்மதியா என்றால், அதுவும் இப்போது முழு நிம்மதி இல்லை. யுபிசாஃப்ட் நிறுவனம் தன் 'தி க்ரூ' என்ற கார் விளையாட்டின் சர்வரை 2024 மார்ச் 31இல் நிறுத்தியது. கடையில் காசு கொடுத்து வாங்கிய வட்டு அலமாரியில் இருக்கிறது, பெட்டியும் இருக்கிறது, விளையாட்டு மட்டும் இல்லை. கலிபோர்னியா மாநிலத்தில் 2025 முதல் ஒரு சட்டம்: டிஜிட்டலாக விற்கும் கடை, "இது உங்கள் சொந்தம் அல்ல, அனுமதி மட்டுமே" என்று வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். பெட்டியே மெல்ல மெல்ல மேகத்தின் குணத்துக்கு மாறிக்கொண்டிருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. பெட்டியா, மேகமா என்ற சண்டையைவிட, வாங்கியது நம் கையில் இருக்குமா என்ற கேள்வி பெரியது.

இந்தியாவில் மேகம் வந்துதான் இருக்கிறது. ஜியோ தன் போன் வாடிக்கையாளருக்கும் டி.வி. பெட்டிக்கும் ஜியோகேம்ஸ் கிளவுட் என்று கொண்டுவந்தது. வோடஃபோன் ஐடியா 2024 மார்ச்சில் கிளவுட் ப்ளே என்று ஒன்றைத் தொடங்கியது. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் கிளவுட் 2025 நவம்பரில் இந்தியாவுக்கு வந்தது. அதே 2025 அக்டோபரில், ஐந்தாண்டுகளில் 1,500 கோடி டாலர் செலவில் விசாகப்பட்டினத்தில் மாபெரும் தரவுக்கூடம் அமைப்பதாகக் கூகுள் அறிவித்தது. அது செயற்கை நுண்ணறிவுக்காக, விளையாட்டுக்காக அல்ல. ஆனாலும் கூடங்கள் நம் பக்கம் நெருங்கி வருகின்றன என்பது தெரிகிறது. நெருங்கி வரவேண்டியது இனி மின்கம்பத்திலிருந்து வீட்டுக்குள் வரும் அந்தக் கடைசி நூறு அடிதான்.

என் கருத்து இது. ஐம்பதாயிரம் ரூபாயை எடுத்து வைக்க முடியாத வீட்டுப் பிள்ளைக்கும் பெரிய விளையாட்டுகளைத் தொட்டுப் பார்க்க வழி செய்ததே மேகம் செய்யும் நல்ல காரியம். அதை நூலகம் போல வைத்துக்கொள்ளலாம். பெட்டி வீட்டு அலமாரிப் புத்தகம். நூலகம் வந்ததால் யாரும் வீட்டுப் புத்தகத்தைத் தூக்கி எறியவில்லையே! குடுபல்லி போன்ற ஊரில் இன்னும் பல ஆண்டுகளுக்குப் பெட்டிக்கு வேலை இருக்கும்.

காசு போடும் முன் ஒரு பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். ஒரே ஒரு மாதத்துக்கு மட்டும் சந்தா கட்டி, ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணிக்கு, ஊரே இணையத்தில் இருக்கும் நேரத்தில், ஒரு கிரிக்கெட்டோ சண்டை விளையாட்டோ ஆடிப் பார்க்கட்டும். காலை ஆறு மணிக்கு ஆடிப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. வை-ஃபையில் விட்டு விட்டு வந்தால் மோடத்திலிருந்து டி.வி.க்கு நேரே ஒரு கேபிள் இழுத்துப் பார்க்கலாம். அந்த ஒரு கேபிளிலேயே பாதிக் கோளாறு தீர்ந்து போவதுண்டு. அப்படியும் தடுமாறினால் பெட்டிதான். பழைய பெட்டியானாலும் பரவாயில்லை. வாங்கும்போது வட்டு போடும் வாய் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 2021இல் வாய் உள்ளதற்கும் இல்லாததற்கும் விலை வித்தியாசம் 10,000 ரூபாய். வாய் இல்லாததை வாங்கினால் அந்தப் பத்தாயிரம் மிச்சம், ஆனால் விளையாடி முடித்ததை எதிர்வீட்டுப் பையனுக்குக் கொடுக்க முடியாது.